கண்ணில் பதர் பட்ட நாள் முதல்: கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு வீட்டிலிருந்து வைத்தியம் பார்த்த அனுபவம்

2022 தை மாதம், பொங்கல் கழிந்து நான்காம் நாள். அப்பா களத்தில் விதைநெல் தூற்றிக்கொண்டிருந்தார். மற்ற நெல்லையெல்லாம் மெஷின் அறுத்துக் கொடுத்துவிட்டது. விதைக்கென்று ஒதுக்கியதை மட்டும் கையால் தூற்றினால்தான் அவருக்கு மனசு ஆறும். காற்று சட்டென்று திரும்ப, சுளகிலிருந்த பதர் முகத்தில் அடித்தது. வலது கண்ணில் உறுத்தல். தோளில் கிடந்த துண்டால் கசக்கித் துடைத்துவிட்டு மிச்ச நெல்லையும் தூற்றி முடித்தார்.

மறுநாள் கண் சிவந்திருந்தது. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிவப்பு நன்றாகக் குறைந்தது. "நல்ல மருந்து தாயி" என்றார் அப்பா. ஆறாம் நாள் கருவிழியின் மேல் கடுகு அளவில் வெள்ளைப் புள்ளி. ஒன்பதாம் நாள் மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து விட்டீங்க, பாட்டில் இருக்கா?" பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஸ்டீராய்டு.

அதன் பிறகு 63 நாள் அப்பாவின் கண்ணில் மருந்து விட்டோம். அந்த நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை, வயலும் களமும் உள்ள வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அங்கன்வாடிப் பணியாளர். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் தவறாமல் எப்படிச் செய்வது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

கண்ணில் விழுந்த அந்த நிமிடம்

கண்ணின் கருப்புப் பகுதிக்கு மேலே, கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதைத்தான் கருவிழி, இங்கிலீஷில் கார்னியா என்கிறார்கள். அதன் மேல்தோல் கீறாமல் இருக்கும்வரை பூஞ்சை உள்ளே புகுவது கடினம். நெல் சுணை, பதர், கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை, மாட்டு வால், மரக்கிளை என்று செடி கொடியோ மண்ணோ பட்டுக் கீறிவிட்டால், அவற்றில் ஒட்டியிருக்கும் பூஞ்சைக்கு வழி கிடைத்துவிடுகிறது. இது நம் ஊரில் மட்டும் வருவதல்ல. மருத்துவ உலகில் முதன்முதலாக எழுதி வைக்கப்பட்ட கருவிழிப் பூஞ்சை நோயாளி ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு விவசாயி. ஓட்ஸ் கதிர் அடிக்கும்போது உமி கண்ணில் பட்டது. 1879இல் தியோடர் லீபர் என்ற கண் மருத்துவர் அதைப் பதிவு செய்தார். நாடும் பயிரும் வேறு, நடந்தது அப்பாவுக்கு நடந்ததேதான்.

கசக்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம், அந்த நேரத்தில் கை தானாகவே கண்ணுக்குப் போகும். அதனால் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்: குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தலையைப் பாதிக்கப்பட்ட கண் பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்ற வேண்டும். நடுவில் கண்ணைச் சிமிட்டலாம். வாய்க்கால் தண்ணீரும் மோட்டார் தொட்டித் தண்ணீரும் வேண்டாம். கழுவிய பிறகும் ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் அதை நீங்கள் எடுக்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் பக்கம் நாக்கால் தூசி எடுக்கிற பெரியம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் வாயிலிருக்கும் கிருமி கீறின இடத்தில் போய் உட்காரும். சேலை முந்தானையைத் திரித்துத் துடைப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, எதுவும் வேண்டாம். அப்பாவின் கண்ணிலும் மூன்றாம் நாள் நந்தியாவட்டை பிழிந்தார்கள் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டாக்டரிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு அப்பா மறைத்துவிட்டார். தயவுசெய்து மறைக்காதீர்கள். அவர்கள் இதையெல்லாம் தினமும் கேட்பவர்கள்.

உறுத்தல் மறுநாளும் இருந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை கொஞ்சம் மங்கினால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். கீறல் கீறலாக இருக்கும்போதே மருந்து விட்டால் புண்ணாகாமல் தடுக்கலாம். நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கிராமத்துத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே கண்டுபிடித்து, மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் களிம்பு போடவைத்தார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குப் புண் வரவில்லை.

மெடிக்கல் வாசலில்

எங்களுக்கு எல்லாம் கெட்டது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து கெட்ட மருந்து இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அதைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பூஞ்சை புகுந்த கண்ணில் அது என்ன செய்கிறது தெரியுமா? கிருமியோடு உடம்பு சண்டை போடுவதால்தான் கண் சிவக்கிறது, வலிக்கிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடும். சிவப்பு குறையும், வலி குறையும், நாம் குணமாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். எதிர்ப்பில்லாத பூஞ்சை உள்ளே வேர் விடும். அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரண்டு நாளும் உண்மையில் கெட்டுக்கொண்டிருந்த நாட்கள்.

ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த பாட்டில்கள் நிறைய இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் தெரியாது. பெட்டியில் பொடி எழுத்தில் மருந்தின் சேர்மானம் இருக்கும், அதைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோடிபிரட்னால், டைஃப்ளூபிரட்னேட். இவற்றில் ஒன்று இருந்தாலும், கண் டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுக்காமல் கண்ணில் விடக் கூடாது. போன வருஷம் மெட்ராஸ் ஐக்கு வாங்கி மீந்த பாட்டிலும் அப்படித்தான்.

மெட்ராஸ் ஐயா, புண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி இரண்டுக்கும் பரவும். பீளை தள்ளும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வரும், பார்வை அவ்வளவாகக் குறையாது. புண் அடிபட்ட கண்ணில் மட்டும் இருக்கும். பார்வை மங்கும், வெளிச்சம் தாங்காது, டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாகத் தெரியலாம். பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். அடிபட்டு ஒரு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். "அன்னைக்குப் பட்டதுக்கு இன்னைக்கு எப்படி வரும்?" என்று அப்பாவே கேட்டார். பூஞ்சைப் புண் மற்றவர்களுக்குத் தொற்றாது, அதனால் பேரப் பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

2021இல் எல்லோரையும் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை வேறு. அது மூக்கிலும் சைனஸிலும் தொடங்கிக் கண்குழிக்குப் போவது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கும் வந்தது. அப்பாவின் நோயைக் கேள்விப்பட்டதும் ஊரில் பாதிப் பேர் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

எல்லா பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன பட்டது, எந்த நாள், யார் என்ன விட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். அந்த அளவை நீங்களும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முதல் நாள் 4 மில்லிமீட்டர். பின்னாளில் மனம் தளரும்போதெல்லாம் அந்த எண்தான் கைகொடுத்தது.

அடுத்தது சுரண்டல். "கண்ணைச் சுரண்டப் போறாங்களாம்" என்று கேட்டதும் அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். மரத்துப்போகும் மருந்து விட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு வழித்து எடுக்கிறார்கள். வலிக்காது, ஏதோ தொடுவது போல இருக்கும். வழித்ததில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பூஞ்சையாக இருந்தால் நூல் நூலாகக் கிளைத்திருக்கும். எங்களுக்கு அன்று மதியத்துக்குள் பதில் வந்தது. இன்னொரு பகுதியைத் தட்டில் வளர்க்க வைப்பார்கள், அதற்கு நாளாகும். ஐந்தாம் நாள் ஃப்யூசேரியம் என்று பெயர் வந்தது. மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை. நம் பக்கம் கருவிழியைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது அதுதான், ஆஸ்பர்ஜில்லஸ் அதற்கு அடுத்து.

இந்தச் சுரண்டல் இல்லாமல் மருந்து எழுதினால் விடாப்பிடியாகக் கேளுங்கள். அனுபவமுள்ள டாக்டருக்குப் புண்ணைப் பார்த்தாலே ஓர் ஊகம் இருக்கும். பூஞ்சைப் புண்ணின் ஓரம் இறகு போலப் பிசிறியிருக்கும், மேடாக வறண்டு தெரியும், பக்கத்தில் குட்டிப் புள்ளிகள் இருக்கும். ஆனால் ஊகம் போதாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். 284 பேர் ஏதோ அடிபட்டதைச் சொன்னார்கள். கிருமி வளர்ந்தவர்களில் 140 பேருக்கு பாக்டீரியா மட்டும், 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். காசைச் சுண்டிப் போடுவது போலச் சரிபாதி. பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது. பூஞ்சைக்கானது பாக்டீரியாவைத் தொடாது. அறுவடைக் காலத்தில் எடுத்த கணக்கு இது என்பதையும் கவனியுங்கள்.

மணிக்கு ஒரு சொட்டு

அப்பாவுக்கு எழுதியது நேட்டாமைசின் 5 சதவீதம். பழைய மருந்து. வோரிகோனசோல் என்ற புது மருந்து இதைவிட நல்லது என்று யாரோ சொன்னதால் டாக்டரிடம் கேட்டேன். தமிழ்நாட்டிலும் பாண்டிச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், 2013இல் முடிவு வெளியானபோது நேட்டாமைசின்தான் முன்னால் நின்றதாகவும் சொன்னார். அதிலும் ஃப்யூசேரியத்துக்கு வித்தியாசம் பெரிது. வோரிகோனசோல் விட்டவர்களில் கருவிழி ஓட்டை விழுந்தவர்கள் அதிகம். ஆழமான புண்ணுக்கு வேறு சொட்டும் மாத்திரையும் சேர்ப்பதுண்டு. மாத்திரை கொடுத்தால் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள், அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும்தான் புரிந்தது, இனி வைத்தியம் எங்கள் கையில் என்று. காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு 17 தடவை. நேட்டாமைசின் கண்ணுக்குள் ஆழமாக இறங்காத மருந்து. அடிக்கடி விட்டுக்கொண்டே இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு வேளை மறந்துவிட்டு அடுத்த வேளை இரண்டு சொட்டாக விட்டால் ஈடாகாது, கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்பதில்லை.

எங்கள் ஏற்பாடு இது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 17 கட்டம் போட்டேன். விட்டவர் ஒரு கோடு போட வேண்டும். அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டை எழுதுகிற பழக்கம் கைகொடுத்தது. காலை 6, 7, 8 என் முறை. பகலில் அம்மா. மாலை நான்கரைக்கு மேல் பள்ளி விட்டு வந்த என் மகன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, பாட்டில் மூன்று. நேட்டாமைசினுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கண்பாவையை (கண்ணின் நடுவில் கருப்பாகத் தெரியும் துளையை) விரிக்கிற ஹோமட்ரோபினுக்கு இரண்டு ரப்பர் பேண்ட், கண் வறளாமல் இருக்க விடும் கண்ணீர்ச் சொட்டுக்கு ரப்பர் பேண்டே இல்லை. "ஒத்தை ரப்பரு மணிக்கு மணி" என்று அம்மா மனப்பாடம் செய்துகொண்டார். செல்போனில் மணிக்கு மணி அலாரம். பெருமாள் பாட்டை வைத்திருந்தேன், அதைக் கேட்டாலே அப்பா கயிற்றுக் கட்டிலில் மல்லாந்துவிடுவார்.

விடும் முறை: சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நேட்டாமைசின் பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். அம்மா முதல் இரண்டு நாள் குலுக்கவில்லை, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் அடியில் சுண்ணாம்பு போல நிற்பது தெரிந்தது. கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் குழி மாதிரி வரும், அதில் ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள், உடனே விட்டால் முதல் மருந்தை இது கழுவிவிடும். இமையில் வெள்ளையாகப் பொருக்கு தட்டும். அது மருந்தின் படிவு, பயப்பட வேண்டாம். ஆறிய கொதிநீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் வெளியே மட்டும் துடைத்துவிடுங்கள். பாட்டிலை வெயில் படும் ஜன்னலிலோ டிவி மேலோ வைக்காதீர்கள்.

ஹோமட்ரோபின் விட்டால் பாவை விரிந்து வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும். வலி குறைவதற்காகவே அது. கருப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள். கண்ணை இறுக்கிக் கட்டு மட்டும் போடாதீர்கள், மூடிய சூடான இடம் கிருமிக்குச் சுகம்.

தலைக்குக் குளிப்பது, அடுப்புப் புகை, மாட்டுத் தொழுவம், வயல் எல்லாம் நிறுத்தினோம். பத்தியம் பற்றிக் கேட்டபோது டாக்டர் சிரித்தார். கத்தரிக்காய், கறி, மீன் எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்தால் போதும்.

நாளாகும்

முதல் வாரம் கண்ணில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. சிவப்பு அப்படியே. அப்பா பாட்டிலைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒரு கண்ணு போதும் தாயி, விடு" என்றார். அடுத்த முறை போனபோது டாக்டர் புண்ணை மறுபடி சுரண்டினார். மேலே செத்த திசுவை எடுத்தால் மருந்து உள்ளே இறங்கும் என்றார். 4 மில்லிமீட்டர் அப்படியே இருப்பதே நல்ல செய்தி, பெரிதாகவில்லை பாருங்கள் என்றார். மூன்றாம் வாரம் 3. அதன் பிறகு ஓரத்துப் பிசிறு மழுங்கியது, குட்டிப் புள்ளிகள் மறைந்தன. மருந்து இரண்டு மணிக்கு ஒரு தரமாகி, பிறகு நான்கு மணிக்கு ஒரு தரம் ஆயிற்று. சிவப்பு போன பிறகும் வாரக்கணக்கில் விடச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தினால் அடியில் மிஞ்சியது மறுபடி கிளம்பும்.

டாக்டர் வரச் சொன்ன நாள்வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வலி திடீரென்று கூடினால், வெள்ளை பெரிதானால், கருவிழிக்கு அடியில் சீழ் வெள்ளைக் கோடாகத் தேங்கினால் அன்றே போங்கள். கண்ணிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் குபுக்கென்று வழிந்து, அதோடு வலி சட்டென்று குறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கருவிழி ஓட்டை விழுந்திருக்கலாம். கண்ணைத் தொடாமல், அழுத்தாமல், ராத்திரியானாலும் கிளம்புங்கள். சின்ன ஓட்டையைப் பசை வைத்து அடைப்பார்கள். பெரிதானால் இறந்தவர் தானம் தந்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள்.

அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அப்படித்தான் நடந்தது. கரும்புத் தோகை வெட்டியது. அவருக்குக் கருவிழி எங்கிருந்தோ இரவோடு இரவாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கண்தானம் பற்றி எங்கள் வீட்டில் பேசினோம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை கண்களை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். முன்பே எழுதிக் கொடுக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும்.

63ஆம் நாள் சொட்டு நின்றது. அப்பாவின் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் வாசலில் நிற்பது ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. பார்வைக்காகக் கருவிழி மாற்றுவதைப் பின்னால் யோசிக்கலாம் என்றார்கள். ஒன்பது நாள் முன்னால் வந்திருந்தால் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

இப்போது தூற்றும்போது கண்ணாடி போடுகிறார். வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், பக்கவாட்டிலும் மூடியிருக்கும் வெள்ளைக் கண்ணாடி. வேர்த்து மங்குகிறது என்று முதலில் கழற்றி எறிந்தார். நெற்றியில் துண்டு கட்டி அதன் மேல் போட்டதும் சரியானது. அரிவாள் மாட்டும் ஆணியிலேயே அதையும் மாட்டியிருக்கிறார்.

போன மாசியில் பக்கத்து வீட்டு அத்தை கண்ணில் மாட்டு வால் அடித்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து, "ஒங்கப்பாவுக்கு விட்ட மருந்து மிச்சம் இருந்தா ரெண்டு சொட்டு விடேன் தாயி" என்றார். பாட்டிலை நான் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன், இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். சுரண்டிப் பார்த்தார்கள். அவருக்கு இருந்தது பாக்டீரியா. வேறு மருந்து கொடுத்தார்கள், பதினெட்டாம் நாள் பால் கறக்க உட்கார்ந்துவிட்டார்.